மண்டையோட்டுக்கு என்ன நிறம்?

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இருக்கும் காத்திருப்புக் கூடத்தில் நள்ளிரவு இரண்டு மணிக்கு மேல் யாரும் பேசுவதில்லை. பக்கவாதத்தால் வீழ்ந்த என் தந்தையை அங்கே சேர்த்திருந்தபோது, அந்தக் கூடத்தின் இரும்பு நாற்காலியில் பத்தொன்பது இரவுகள் அமர்ந்திருந்தேன். கைப்பேசியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கையோடு கொண்டுபோன நாவலில் ஒரு பத்தியைத் தாண்ட இயலவில்லை. நான்காம் நாள் என் அக்காள் மகள் ஒரு பையைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகம் ஒன்றும், 24 வண்ணப் பென்சில்கள் கொண்ட பெட்டி ஒன்றும் இருந்தன. அட்டையில், பூக்களும் இலைகளும் சூழப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மண்டையோடு. அவளைக் குறை சொல்வதற்கில்லை. வீட்டில் அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

அடுத்த நாற்காலியில், மகனுக்காகத் திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த எடத்துல உக்காந்துக்கிட்டு இதுக்கா கலர் அடிக்கிற?" என்றார். குரலில் கோபம் இல்லை. என்னிடம் பதிலும் இல்லை. கல்லூரியில் கணிதம் நடத்துபவள் நான். ஓவியம் பயின்றவள் அல்லள். அவருக்குச் சொல்ல முடியாமற்போன பதிலைத் தேடித்தான் பிற்பாடு இந்தப் புத்தகங்களின் வரலாற்றையும், இவற்றுக்குரிய கருவிகளையும் படிக்கத் தொடங்கினேன்.

பெரியவர்கள் வண்ணம் தீட்டுவது இன்று புதுமையன்று. ஸ்காட்லாந்து ஓவியர் ஜொஹானா பாஸ்ஃபோர்ட் கையால் வரைந்த 'சீக்ரெட் கார்டன்' 2013-இல் வெளிவந்து, பல நாடுகளில் பல லட்சம் பிரதிகள் விற்றது. 1761 முதல் பென்சில் செய்துவரும் ஜெர்மனியின் ஃபேபர்-கேஸ்டல் நிறுவனம், தேவை பெருகியதால் தொழிற்சாலையில் கூடுதல் பணிமுறை நடத்த வேண்டியிருப்பதாக 2016-இல் சொல்லும் அளவுக்கு அந்த அலை உயர்ந்தது. தோட்டமும் மீன்களும் மண்டலங்களுமாக இருந்த அந்தச் சந்தையில் திகிலுக்கென்று ஒரு கிளை முளைத்ததும் அப்போதுதான். 'லைஃப் ஆஃப் அகனி' என்ற நியூயார்க் இசைக்குழுவில் பேஸ் கிடார் வாசிப்பவரும், திகில் சித்திரக்கதைகள் வரைபவருமான ஆலன் ராபர்ட், 2016-இல் 'தி பியூட்டி ஆஃப் ஹாரர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பிணங்கள், பேய் வீடுகள், சிலந்திகள், தையலிட்ட முகங்கள் எனப் பக்கத்துக்குப் பக்கம் நிறைந்த நுணுக்கமான கோட்டுச் சித்திரங்கள். அது வரிசையாகப் பல பாகங்கள் கண்டது. பிலிப்பைன்ஸ் ஓவியர் கெர்பி ரோசானஸின் புத்தகங்கள் திகில் வகையல்ல எனினும், ஒரு விலங்கின் உடல் சிதறி நூறு குட்டி உருவங்களாக மாறும் அவருடைய பக்கங்களில் இதே மயக்கமும் அச்சமும் உண்டு.

ஆனால் இந்த மரபு ராக் இசைக்காரர்களிடம் தொடங்கியதன்று. ஹான்ஸ் ஹோல்பைன் 1520-களில் பாசெல் நகரில் வரைந்து, 1538-இல் லியோன் நகரில் நூலாக வெளிவந்த 'மரணத்தின் நடனம்' மரச்செதுக்குச் சித்திரங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6.5 செ.மீ. உயரமும் 5 செ.மீ. அகலமும்தான். அந்தச் சிறு கட்டத்துக்குள் எலும்புக்கூடு ஒன்று அரசனின் விருந்து மேசைக்கு வருகிறது. போப்பாண்டவரின் அருகில் நிற்கிறது. குழந்தையைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. கிழ உழவன் ஒருவனுக்கு மட்டும் அது குதிரைகளை ஓட்டித் துணை செய்கிறது. தூரத்தில் சூரியன் மறைகிறது. எல்லாம் கறுப்புக் கோடுகள். இன்றைய திகில் புத்தகத்தை வரைபவர், அறிந்தோ அறியாமலோ, இந்தக் கோட்டின் வாரிசு.

அக்கால அச்சுப்படங்களுக்குக் கையால் வண்ணம் பூசுவதும் வழக்கமாக இருந்தது. அதை எல்லாரும் ஏற்கவில்லை. ஆல்பிரெக்ட் டியூரர் இறந்த 1528-ஆம் ஆண்டில் அவரைப் புகழ்ந்து எழுதிய எராஸ்மஸ், கறுப்புக் கோடுகளாலேயே அனைத்தையும் காட்டிவிட்ட அவரது படைப்பின்மேல் வண்ணம் பூசுவது அதற்கு இழைக்கும் தீங்கு என்ற பொருள்பட எழுதினார். டியூரரின் 1513-ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டுச் சித்திரமான 'வீரனும் மரணமும் சாத்தானும்' படத்தைப் பார்ப்பவர் எவரும் இதற்கு உடன்படுவர். நானும் உடன்படுகிறேன். தரமான கோட்டுச் சித்திரத்துக்கு நம் பென்சில் தேவையில்லை, தேவைப்படுவது நமக்குத்தான்.

என் மடியில் இருந்த மண்டையோட்டின் ஊர் வேறு. கண்குழிகளைச் சுற்றி இதழ்கள், நெற்றியில் சிலந்தி வலை, தாடையோரம் சுருள் கொடிகள். இது மெக்ஸிகோவின் 'இறந்தோர் நாள்' மரபு. நவம்பர் முதல் இரு நாள்களில், இறந்தவர்கள் வீடு திரும்புவதாகக் கருதி, அவர்களுக்குப் பிடித்த உணவைப் படைத்து, சர்க்கரையால் செய்த மண்டையோடுகளை வைத்துக் கொண்டாடும் விழா அது. 2008-இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் முகமாக உலகம் இன்று அறிந்திருக்கும் 'கத்ரீனா', ஹோசே குவாதலூப் போசாதா (1852–1913) என்ற அச்சோவியர் படைத்தவள்: இறகு வைத்த பிரெஞ்சுத் தொப்பி அணிந்து சிரிக்கும் எலும்புப் பெண். சொந்த அடையாளத்தை மறைத்து ஐரோப்பியச் சீமாட்டியாக நடித்தவர்களைக் கேலி செய்யச் சில்லறைக் காசுக்கு விற்ற தெருத்தாள்களில் அவள் பிறந்தாள். தியேகோ ரிவேரா 1947-ஆம் ஆண்டுச் சுவரோவியத்தில் அவளுக்கு முழு உடலும் உடையும் தந்தார். போசாதாவோ ஏழையாக இறந்து, ஏழைகளுக்கான கல்லறையில் புதைக்கப்பட்டார். இன்று எத்தனையோ வண்ணப் புத்தக அட்டைகளில் அவருடைய பெண் சிரிக்கிறாள். அவர் பெயர் உள்ளே இருப்பது அரிது.

இவற்றையெல்லாம் அந்நியம் என்றோ அமங்கலம் என்றோ ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அந்தப் புத்தகத்தை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தார். கபாலத்தைக் கையில் ஏந்தியவனின் பெயரால் மயிலாப்பூரில் கோயில் கொண்டிருக்கும் ஒரு சமூகம், தசை வற்றிய பேய் உருவில் காரைக்கால் அம்மையாரைச் செம்பில் வடித்த ஒரு சமூகம், அட்டையில் அச்சான மண்டையோட்டுக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்து, பந்தி வைத்துப் பரிமாறுகின்றன. அந்தப் பகுதியைப் படித்துச் சிரித்தவருக்கு ஆலன் ராபர்ட்டின் பேய்கள் சற்றுத் தெரிந்த முகங்களாகவே தோன்றும். கோரமும் நகைச்சுவையும் ஒரே இலையில் பரிமாறப்படுவது நமக்குப் புதிதன்று.

எனக்குச் சினம் தருவது வேறொன்று: இப்புத்தகங்களின் பின்னட்டைகளில் காணும் 'மன அழுத்தம் போக்கும் சிகிச்சை' என்ற வாசகம். இதற்கு ஆதாரமாக அடிக்கடி சுட்டப்படும் ஆய்வு 2005-இல் நான்சி கரி, டிம் கேசர் ஆகிய இருவர் வெளியிட்டது. 84 கல்லூரி மாணவர்களை முதலில் சிறிது பதற்றத்துக்கு உள்ளாக்கி, பின்னர் ஒரு குழுவுக்கு மண்டல வடிவத்தையும், ஒரு குழுவுக்குக் கட்டம் போட்ட வடிவத்தையும், ஒரு குழுவுக்கு வெற்றுத் தாளையும் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். மண்டலமும் கட்டமும் பதற்றத்தை ஏறத்தாழ ஒரே அளவில் குறைத்தன. வெற்றுத் தாள் அவ்வாறு குறைக்கவில்லை. எல்லை வகுக்கப்பட்ட, சற்றே சிக்கலான வேலை, அலையும் மனத்தைச் சிறிது நேரம் பிடித்து நிறுத்துகிறது என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்கது. அவர்கள் மண்டையோட்டைத் தரவில்லை. மன நோயாளிகளையும் ஆராயவில்லை. கலைவழிச் சிகிச்சை என்பது பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து நடத்துவது. புத்தகம் வாங்கித் தனியே தீட்டுவது அதுவன்று என்று அத்துறையினரே சொல்லிவருகின்றனர்.

இதை வலியுறுத்த எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. இருபதாம் நாள் விடியலில் தந்தை காலமானார். அதன்பின் மூன்று மாதங்கள் நான் இரவில் உறங்கவில்லை, தீட்டிக்கொண்டிருந்தேன். ஒரு புத்தகம் முடிந்து இரண்டாவது வந்தது. பார்த்தவர்கள், "நல்லது, மனம் தேறுகிறாள்" என்றார்கள், நானும் நம்பினேன். வகுப்பில் ஒருநாள் கரும்பலகை முன் நின்று, எழுதிக்கொண்டிருந்த சமன்பாடு எதற்கென்று தெரியாமல் விழித்த பிறகே மனநல மருத்துவரிடம் போனேன். அவர் படங்களைப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, "இவை எத்தனை மணிக்குத் தீட்டியவை?" என்று மட்டும் கேட்டார். நான் ஆறுதல் என்று எண்ணியது, படுக்கைக்குப் போகாமலிருக்க நான் கண்டுபிடித்த வழி. மருந்தும் பேச்சும் உறக்கத்தைத் திருப்பித் தந்தன. இன்றும் தீட்டுகிறேன், இரவு ஒன்பதரைக்குப் பெட்டியை மூடிவிடுவேன்.

இனிக் கருவிகள். நுணுக்கமான திகில் படம் சாதாரணப் பூப்படத்தைப்போல் தவறுகளை மன்னிப்பதில்லை. என் முதல் தவறு ஆல்கஹால் மார்க்கர் வாங்கியது. கடையில் அதன் பளபளப்பு மயக்கியது. புத்தகம் இருபுறமும் அச்சிட்டது. பேய்வீட்டின் கூரைக்கு இட்ட ஊதா, தாளை ஊடுருவி, பின்பக்கத்து ஆந்தையின் கண்ணில் போய் நின்றது. அச்சு மை சில நேரம் கரைந்து கோடும் கலங்கும். ஒருபுறம் மட்டும் அச்சிட்ட புத்தகமாக இருந்து, அடியில் ஒரு தடித்த அட்டையைச் செருகிக்கொண்டால் ஒழிய, மார்க்கரைத் தொட வேண்டாம். பிள்ளைகளின் ஸ்கெட்ச் பேனா நீர் மையால் ஆனது, அவ்வளவு ஊறாது. ஆனால் ஒரே இடத்தில் மும்முறை தேய்த்தால் தாள் திரிதிரியாகக் கிளம்பும்.

தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நகல் எடுக்கும் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம். அந்த வகையில் அச்சிட்ட மலிவுப் புத்தகம் பென்சிலின் நான்காம் பூச்சைத் தாங்காது. 120-க்கு மேல் இருந்தால் நிம்மதி. விரலால் தடவினால் மெல்லிய சொரசொரப்புத் தெரிய வேண்டும். நிறத்தைப் பற்றிக்கொள்வது அதுவே. வழுவழுப்பான வெள்ளைத் தாள் கண்ணுக்கு அழகு, பென்சிலுக்குப் பகை.

வண்ணப் பென்சில்களில் இரு குலம் உண்டு. நிறப்பொடியை மெழுகால் பிணைத்தவை மென்மையானவை. வண்ணம் தாராளமாக இறங்கும். ஆனால் முனை விரைவில் மழுங்கும், உடையும். அழுத்தித் தீட்டிய கரும்பகுதிகளின்மேல் சில வாரங்களில் வெண்சாம்பல் படிந்ததுபோல் மெழுகு பூத்து வரும். மென்துணியால் துடைத்தால் போகும். அமெரிக்காவின் பிரிஸ்மாகலர் இவ்வகை. எண்ணெய் சார்ந்தவை சற்றுக் கடினமானவை, கூர் நிற்கும், ஃபேபர்-கேஸ்டலின் பாலிக்ரோமோஸ் இவ்வகை. சிலந்தியின் காலுக்கும் பல்லிடுக்குக்கும் கூர் நிற்கும் பென்சிலே உதவும். இருண்ட வானத்துக்கு மென்மையானது. விலையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ஊர்க்கடையில் கிடைக்கும் 24 வண்ணப் பெட்டியில் தொடங்கி, தேவைப்படும் ஐந்தாறு நிறங்களை மட்டும் பிறகு தனிப் பென்சிலாக வாங்கலாம். 120 நிறப் பெட்டி வாங்கியவர்கள் பலரும் இருபதைத்தான் தேய்க்கிறார்கள்.

அந்த ஐந்தாறு எவை? பெட்டியில் இருக்கும் கறுப்பைக் கடைசியில் எடுங்கள் என்பதே நான் தட்டுத்தடுமாறிக் கற்றது. முதலிலேயே கறுப்பைப் பூசினால் இருள் வருவதில்லை, ஓட்டை வருகிறது. கருநீலம், கரும்பழுப்பு, அடர் ஊதா மூன்றையும் மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்று இட்டு, இறுதியில் மிக ஆழமான மூலைக்கு மட்டும் கறுப்பு. அப்போது இருளுக்குள் ஏதோ இருப்பதுபோல் தோன்றும். திகில் படத்துக்கு வேண்டியது அதுதானே. மெழுகுவத்தி வெளிச்சம் என்றால் சுடரை நோக்கிய ஓரம் மஞ்சளும் இளஞ்சிவப்பும், மறுபக்க நிழல் நீலம். முகத்துக்குக் கீழிருந்து பச்சை வெளிச்சம் விழுவதாகத் தீட்டினால், சாதுவான பாட்டியும் சூனியக்காரி ஆகிவிடுவாள். வெளிச்சம் எப்போதும் மேலிருந்து விழும் என்று நம் கண் பழகியிருப்பதே காரணம். ஈரமான கண்ணுக்கும் வாளின் நுனிக்கும் வெள்ளை ஜெல் பேனாவால் ஒரே ஒரு புள்ளி. இரண்டு வைத்தால் கெட்டது.

எலும்பு வெள்ளையன்று. இளமஞ்சள் கலந்த தந்த நிறம், விளிம்பில் காவி, குழிகளில் ஊதா கலந்த சாம்பல். பாலிக்ரோமோஸ் வரிசையில் 'கபுட் மார்ட்டூம்' என்றொரு செவ்வூதாப் பழுப்பு உண்டு. லத்தீனில் அதன் பொருள் 'செத்த தலை'. காய்ச்சி வடித்தபின் குடுவையில் எஞ்சும் பயனற்ற கசடுக்கு இரசவாதிகள் வைத்த பெயர் அது. பின்னர் இரும்பு ஆக்சைடு நிறமொன்றுக்கு ஒட்டிக்கொண்டது. கண்குழிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பென்சிலை நான் கண்டதில்லை. நிறங்களின் கதையே அரைகுறைப் பேய்க்கதைதான்: ஓவியர்களின் ஒருவகைக் கறுப்பு விலங்கெலும்பைக் கரித்து எடுப்பது, 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கடைகளில் விற்ற ஒருவகைப் பழுப்பு, எகிப்திய மம்மிகளை அரைத்துச் செய்தது.

வாங்குபவர்க்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய புத்தகங்கள் இப்போது இணையக் கடைகளில் மலிந்துள்ளன. பூப்படமாக இருந்தால் குறை உடனே தெரிந்துவிடும். திகில் படத்தில் ஆறு விரல் இருந்தாலும், விலா எலும்பு எங்கோ போய்க் கொடியாக முடிந்தாலும், வேண்டுமென்றே வரைந்தது என்று எண்ணிவிடுகிறோம். தீட்ட உட்கார்ந்தபின்தான், கோடு எதையும் சூழாமல் பாதியில் அவிழ்ந்து கிடப்பது தெரியும். மனிதன் வரைந்த கோரத்தில் ஓர் உடற்கூற்று அறிவு இருக்கும். ஹோல்பைனின் எலும்புக்கூட்டில் பிழைகள் உண்டு, ஆனால் அது நடக்கிறது. வரைந்தவர் பெயர் அட்டையில் இருக்கிறதா, அவருடைய வேறு படங்கள் எங்கேனும் காணக் கிடைக்கின்றனவா என்று பார்த்து வாங்குவது நன்று.

நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணையும் கருத வேண்டும். மேசை விளக்கு இடப்புறம் (இடக்கையர்க்கு வலப்புறம்), தேவையெனில் உருப்பெருக்கி, அரைமணிக்கு ஒருமுறை சன்னலுக்கு வெளியே பார்வை. தீட்டிய படத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதாயின் வெயில் படாத இடம் பாருங்கள். மலிவான பென்சில்களின் இளஞ்சிவப்பும் ஊதாவும் முதலில் வெளிறும்.

அந்த அம்மாளிடம் திரும்புகிறேன். ஒன்பதாம் இரவு என்று நினைவு. நான் மண்டையோட்டின் தாடையில் இருந்தேன். அவர் நாற்காலியைச் சற்று நகர்த்தி வைத்து, "இது செண்டுமல்லிதானே?" என்று ஓரத்துப் பூவைத் தொட்டார். செண்டுமல்லிதான். மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட அந்தப் பூவைத்தான் அங்கே இறந்தவர்கள் வழி தெரிந்து வீடு சேர வாசலிலிருந்து பரப்பி வைக்கிறார்கள். கடல் கடந்து வந்து நம் ஊரில் சாமிக்கும் சாவுக்கும் மாலையாகிறது. அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. "ஆமாம்மா, போடுறீங்களா?" என்று மஞ்சள் பென்சிலை நீட்டினேன். அவர் மூன்று பூக்களுக்கு வண்ணம் இட்டார். நான்காவதன்போது உள்ளேயிருந்து அவருடைய மகனின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். பென்சிலை நாற்காலியிலேயே வைத்துவிட்டு எழுந்து ஓடினார். மறுநாள் அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். மகனுக்கு என்ன ஆயிற்று என்று செவிலியரிடம் கேட்டேன். சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

அந்தப் பக்கத்தை அண்மையில்தான் முடித்தேன். கண்குழிகளில் 'செத்த தலை' நிறம், பின்னணியில் நான்கு பூச்சுக் கருநீலம். நான்காவது பூவில் இரண்டு இதழ்கள் மட்டும் மஞ்சளாக இருக்கின்றன, ஒன்று கோட்டைத் தாண்டியும் இருக்கிறது. மற்ற இதழ்களை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.